எந்தப் பிள்ளை?

கண்டோன்மெண்டில் எங்கள் தெருவில் டாக்டர் பிள்ளை, வக்கீல் பிள்ளை, மருந்துக்கடைப் பிள்ளை என்று பல பேர். முனையில் தையல் கடை வைத்திருக்கும் நானும் பிள்ளைதான். பிள்ளை வீடு எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே வாய் ஓய்ந்துபோயிற்று.

அன்று பட்டாளத்துக் காக்கிச் சட்டைகளைத் தைத்துக் கண் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, "ஐயா, பிள்ளையக் காணோம்ங்க!" என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. "எந்தப் பிள்ளைம்மா? டாக்டரா, வக்கீலா?"

"நான் பெத்த பிள்ளைங்க! மார்க்கெட்ல கைய விட்டுட்டு ஓடிட்டான்."

அவளோடு தேடப் போகலாமென்று மிஷினை நிறுத்திவிட்டு, செருப்புக்காகக் குனிந்தேன். மேசைக்கடியில், வெட்டுத்துணிக் குவியலின் மேல், ஒரு சிறுவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். "இவன்தாங்க!" என்று அவள் அள்ளியெடுத்துக்கொண்டாள்.

வழி சொல்லும் அலுப்பு இன்னும் தீரவில்லை. ஆனாலும் யாராவது "பிள்ளை இருக்காரா?" என்று கேட்டால், மேசைக்கடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வழி சொல்கிறேன்.