ஆன்லைன் காலேஜ் அண்ணாச்சி

சாலை பஜாரில் நான் மூட்டை இறக்கிய அரிசிக் கடையில் அண்ணாச்சி பில் போடுபவர். நாற்பது வயது, கோழிக் கழுத்து. ஆன்லைன் காலேஜில் கம்ப்யூட்டர் புரோகிராம் படித்தார். ஒரு காதில் பாடம், மறு காது முதலாளிக்கு. அதனால் தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

“எஞ்சினியரே, கம்பெனி கார் இன்னும் வரலியா?” என்பேன்.

“போடா மக்கா, ரெண்டாம் பார்ட் முடியட்டு.”

கடைக்கென்றே பில் போடும் புரோகிராம் ஒன்றை எழுதினார். அது சரியாக ஓடினால் மேனேஜர் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஓட்டிக் காட்டினார். பிசிறில்லாமல் ஓடியது.

முதலாளி தன் போனை நீட்டினார். “இதுல வருமா?”

“இது கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் ஓடும் முதலாளி. போனுக்கு வேற படிக்கணும்.”

“பின்னே எனக்கு எதுக்குவே? நான் வீட்டுல இருந்துட்டு பாக்க வேண்டாமா?”

அடுத்த வாரமே போனில் ஓடும் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டார். அண்ணாச்சி பழைய நாற்காலியிலேயே இருந்தார்.

“இனி போன் கோர்ஸா அண்ணாச்சி?” என்று சீண்டினேன்.

“படிக்கலாம்லே. நான் முடிக்கும்போ இவரு வாட்சை நீட்டுவாரு.”

கடையில் கிண்டல் என் வேலை. அன்று அவர் செய்தார். எனக்குச் சிரிப்பே வரவில்லை.