அறுபடாத நூல்

மகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாளாகிறது. டாக்டர் சொன்னாரென்று அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள். நான் வெளியே நிற்கிறேன். காலடிச் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், கதவைத் தட்டிவிடுகிறேன். "என்னம்மா, வேவு பாக்குறீங்களா?" என்று சிரிக்கிறாள். என் சித்தியைப் பற்றி அவளிடம் நான் சொன்னதேயில்லை.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடான லயத்தின் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் நாங்களும் சித்தி குடும்பமும் இருந்தோம். எனக்கு எட்டு வயது. பிள்ளை பெறுவதற்கு முந்தின நாள்வரை சித்தி கூடையைச் சுமந்து மலையேறிக் கொழுந்து பறித்தாள். பெற்ற பிறகோ, முப்பது நாளைக்குக் கால் தரையில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவளுடைய முதல் பிள்ளை தங்கவில்லை. அவள் சீக்கிரம் எழுந்து நடமாடியதுதான் காரணம் என்று அம்மா உட்பட எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் இந்த முறை கதவைச் சாத்தி, காற்றுக் கருப்பு அண்டாமல் வாசற்படியில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் வைத்தார்கள்.

காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆட்கள் போனபின் லயம் வெறிச்சோடிவிடும். பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். காவலுக்கு நான் மட்டும். ஒருநாள் காலை பத்து மணியிருக்கும், உள்ளே யாரோ நடந்தார்கள். மெதுவாக, சுவரிலிருந்து சுவருக்கு. நான் கூப்பிட்டதும் சத்தம் நின்றது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். சித்தி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அம்மா மெழுகிவிட்டுப் போன சாணித்தரை இன்னும் காயவில்லை. அதில் காலடிகள், போவதும் வருவதுமாக.

அம்மாவிடம் சொன்னேன். தான் எழுந்திருக்கவேயில்லை என்றாள் சித்தி. அப்படியானால் நடந்தது யார்?

சித்தப்பா பூசாரியைக் கூட்டி வந்தார். அவர் சித்தியின் இரண்டு கணுக்கால்களையும் மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டி, மறுமுனையைக் கத்தியில் முடிந்தார். உள்ளே நடந்தது காற்றுதான், நூல் அறுந்தால் அது அவளுக்குள் புகுந்துவிட்டதென்று அர்த்தமாம். "அவ வாயாலயே பேசும். நூலை அவுக்கச் சொல்லும். காது குடுக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நூலைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. அதுவரை யாரும் எனக்கு எந்த உத்தியோகமும் தந்ததில்லை. பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் சித்தி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். இடது கால் வீங்கி, நூல் சதைக்குள் பதிந்து கிடந்தது.

"பாப்பா, கால் கனக்குதுடி. இந்த நூலை அறுத்துட்டு, எலி கடிச்சிருச்சுன்னு சொல்றியா? கொஞ்சம் நடந்துக்கிறேன்."

குரல் சித்தியுடையதாகவே இருந்தது. அதுதான் என்னை நடுங்க வைத்தது. காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பொத்திய காதுக்குள்ளும் இரண்டு முறை "பாப்பா" என்று கேட்டது. பிறகு குழந்தை மட்டும் அழுதது.

மறுநாள் மத்தியானம் மூச்சு விட முடியவில்லை என்றாள். நான் ஓடிப்போய்ச் சொல்லி, அம்மா மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தோட்டத்து மருத்துவச்சி வந்து வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்தாள். "படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும், அது நெஞ்சுக்கு ஏறி மூச்ச அடைச்சிரும், கதவச் சாத்திக்கிட்டாவது நடன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாள். அம்மா சித்தியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் போய், நூல் அறுபடவே இல்லை என்று சொன்னேன்.