முதல் மடக்கு கேப்டனுக்கு

அடுத்தவர் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் விடச் சொல்வதுதான் என் தொழில். பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் புற்றுநோய் ஆபத்தைக் குறைப்பது பற்றிப் பேசும் வேலை. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கேம்பஸ் வரை படிக்கப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்; பிழையாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. என்னைப் போல ஊர் ஊராகப் போய் ‘வேண்டாம்’ என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்பவர்களே, இது உங்களுக்காக.

எழுதிக் குடுப்பீங்களா?

தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பேசினேன். புகையிலை வைத்த வெற்றிலையோடு சாராயமும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இன்னும் கூடும் என்றேன். கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அக்கா, “விட்டா வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா மிஸ்?” என்றார்.

பொய் சொல்ல முடியவில்லை. “ஆபத்து கொறையும்க்கா. வரவே வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது” என்றேன். அவர் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டே சொன்னார்: “நீங்க கொறையும்னுதான சொல்றீங்க, நானும் கொறச்சுக்கிறேன்னுதான் சொல்றேன்.”

விளையாட்டுக்குத் திறந்த வாய்

அதே கூட்டத்தில் மூர்த்தி விளையாட்டுக்காக வாயைத் திறந்து காட்டினான். தோட்டத்து வொலிபோல் டீமின் கேப்டன்; உயரே எழும்பி அடித்தால் எதிராளி விலகி நிற்பான். இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். சதைத் துணுக்கெடுத்துப் பரிசோதித்த வைத்தியர், முடிவு வாங்கப் போன நாளில், இப்போது புற்றுநோய் இல்லை, ஆனால் மாறக்கூடும் என்றார். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சாராயம் நான்கையும் அடியோடு விட வேண்டும். வெளியே வந்ததும் மூர்த்தி சொன்னான்: “வெத்தலய விட்டுருவேன் மிஸ், ஆனா மேட்ச் முடிஞ்சு ஒரு மடக்கு போடலன்னா டீம்ல என்னய மனுசனாவே மதிக்க மாட்டானுக.”

மேட்ச் ஆடாத மிஸ்

அப்படியானால் டீமிடமே பேசுவோம் என்று பயிற்சிக்குப் போனேன். மூர்த்தியின் வாயைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதை அவன்தான் சொல்ல வேண்டும். உடம்பு நோவுக்குத்தான் குடிக்கிறோம் என்றார்கள். நோவு மரத்துப்போகும், ஆறாது என்றேன். சாராயம் உடம்பை வறள வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், அடிபட்ட தசை தேறுவதைத் தாமதமாக்கும் என்றேன்.

பந்து தூக்கிக் கொடுக்கும் செல்வம், “மிஸ் எத்தன மேட்ச் ஆடியிருக்கீங்க?” என்றான்.

“ஒண்ணுகூட இல்ல. பந்து வந்தா கண்ண மூடிக்குவேன்.”

மைதானமே சிரித்தது. செல்வம் சொன்னான்: “அப்ப நீங்க வாயப் பாருங்க மிஸ், கை கால நாங்க பாத்துக்குறோம்.”

லீவு

டீமை நடத்தும் கிளப்பிலிருந்து என்மேல் அலுவலகத்துக்கு முறைப்பாடு போனது. நோட்டீசைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், டீம்களோடு மோத வேண்டாம் என்றார் மேலதிகாரி. ஆனாலும் இறுதிப் போட்டி நாளுக்கு லீவு எழுதி அவர் மேசையில் வைத்தேன். பக்கத்து மேசைத் தோழி தலையில் அடித்துக்கொண்டாள்: “லீவு போட்டுட்டுப் போயி திட்டு வாங்கப் போற ஒரே ஆளு நீதான்டி!”

கவிழ்ந்த கோப்பை

ஹாலிஎலையில் நடந்த போட்டியில் ஜெயித்தார்கள். அங்கே ஒரு வழக்கம்: வென்ற கோப்பையில் சாராயம் ஊற்றி, முதல் மடக்கைக் கேப்டன் குடிக்க வேண்டும். அவன் வாய் வைக்காமல் மற்றவர்கள் தொடக்கூடாது. மூர்த்தி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “நாக்குலயாவது வையிடா, பொம்பளயா நீ?” என்று கத்தினான் செல்வம்.

மூர்த்தி கோப்பையைப் புல்லில் கவிழ்த்தான். கன்னத்தை விரலால் இழுத்துத் திட்டைக் காட்டினான். “டாக்டரு வேணாங்குறாரு. கேப்டன் நான், நானும் வேணாங்குறேன். புடிக்கலன்னா வேற கேப்டன் பாருங்க.”

இரண்டு பேர் மிச்சப் போத்தலோடு பின்பக்கம் போனார்கள். அதை மறைத்தால் பொய்யாகும். செல்வம் கிட்டே வந்து திட்டை உற்றுப் பார்த்தான். பிறகு கோப்பையைப் பிடுங்கி ஒருவன் கையில் திணித்தான்: “டேய், பைப்புத் தண்ணிய புடிச்சிட்டு வா, இவன் இல்லாட்டி அடுத்த வருசம் எவன்டா அடிப்பான்?”

திட்டு மறைந்ததா என்று அடுத்த மாதப் பரிசோதனையில்தான் தெரியும். அதற்குள் இன்னும் எத்தனை முறைப்பாடு வந்தாலும் சரி, பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டே நான் அடுத்த மைதானத்துக்கும் போவேன்.