மழை வேண்டாம் என்று கேட்டுவிட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரையும் தாண்டிப் போகிற ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. எங்கள் சபையில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், அதுவும் பாதி வெட்கத்தோடு.

நான் ஒடுகத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் பெரிசாகிவிட்டது. அதனாலோ என்னவோ, சபையில் ஜெபம் என்றால் 'அக்காவைக் கூப்பிடு' என்பார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வரன் அமையவில்லை, யார் பிள்ளைக்குப் பரீட்சை, எல்லாவற்றுக்கும் நான்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆண்டவர் வீட்டில் எனக்கு மட்டும் தனி வாசல் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு.

அந்த வருடம் எங்கள் சபைப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மலையில் ஒரு கண் பரிசோதனை முகாம் வைத்தோம். வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வர ஒத்துக்கொண்டார். அவருடைய மெஷினையும் கண்ணாடிப் பெட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே மலை ஏறினோம். அந்த ஊரில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. மைதானத்தில் ஒரு சாமியானாப் பந்தல் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மேஜையைப் போட்டு முடிக்கவில்லை, வானம் கருத்துக்கொண்டு வந்தது. சடசடவென்று தூறல் ஆரம்பித்தது.

டாக்டர் மெஷினை வேனுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "நனைஞ்சா அவ்ளோதாங்க, இது வீணாப் போய்டும். மழை பிடிச்சுச்சுன்னா கிளம்பிட வேண்டியதுதான்" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. இரண்டு மாதமாக அலைந்து ஏற்பாடு செய்த முகாம். விடுவேனா? எங்கள் பெண்களையெல்லாம் வட்டமாக நிற்க வைத்துக் கையைக் கோத்துக்கொண்டேன். "ஆண்டவரே, இந்த மேகத்தைக் கட்டும்! இந்த மழையை இப்பவே நிறுத்தும்!" என்று தொண்டை கிழிய ஜெபம் பண்ணினேன். மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

கால் மணி நேரம் தூறியது. அப்புறம் ஒரு காற்று அடித்தது பாருங்கள், மேகத்தை அப்படியே அடுத்த மலைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. வெயில் பளீரென்று அடித்தது. எங்கள் பெண்கள் அல்லேலூயா சொல்லி அழுதேவிட்டார்கள். டாக்டர்கூட ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று என்ன சாட்சி சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூட மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு ஏன் அப்படி முகம் வாடி உட்கார்ந்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

பெயர் எழுதுகிற மேஜையில் நான் உட்கார்ந்தேன். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையிலும் நகக்கண்ணிலும் செம்மண். கிட்டத்தில் இருக்கிறது கலங்கலாகத் தெரிகிறதாம். "சாமையில கல்லு எது, அரிசி எதுன்னு தெரியலக்கா" என்றார். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"நல்ல வேளை மழை நின்னுச்சு. இல்லன்னா நாங்க திரும்பிப் போயிருப்போம். நாங்கதான் ஜெபம் பண்ணி நிறுத்தினோம்" என்றேன், பெருமையாக.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னாது? அப்ப போட்ட சத்தம் இதுக்கா? மழைய வேணாம்னு கேட்டீங்களா?"

"ஆமாம்மா. கேட்ட உடனே நின்னுடுச்சு பாருங்க."

அவர் முதலில் சிரித்தார். அடுத்த நிமிடம் அவர் கண் கலங்கிவிட்டது. "எழுந்து வாங்கக்கா. எங்க நெலத்த ஒருவாட்டி பார்த்துட்டு வந்து எழுதுங்க" என்று என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மேஜையைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. உழுது போட்ட வெறும் மண். ஒரு பச்சை கிடையாது. நான் பாட்டுக்கு உள்ளே காலை வைக்கப் போனேன்.

"செருப்பக் கழட்டுங்கக்கா. உள்ள வெத இருக்குது."

கழற்றினேன். வேதத்தில் 'இது பரிசுத்த பூமி, செருப்பைக் கழற்று' என்று ஆண்டவர் சொல்லுகிற இடம் ஞாபகம் வந்து உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது.

அவர் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினார். மேல் மண் ஈரமாக இருந்தது. அரை விரல் ஆழத்தில் பொடிப்பொடியாகக் காய்ந்த புழுதி. இரண்டிலும் கடுகைவிடச் சின்னதாகச் சாமை விதை கிடந்தது. மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்களாம். எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும்தான். மோட்டார் போட்டால் தண்ணீர் வரும். இப்படி வானத்தை நம்பி விதையை மண்ணில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"நனையாம கெடந்தா வெத தூங்கும்க்கா. நல்லா நனைஞ்சா மொளைச்சிடும். இப்படி அரகொறையா நனைஞ்சாதான் கேடு. முழிச்சுக்கும். முழிச்ச வெதைக்குத் தண்ணி இல்லன்னா செத்துப்பூடும். மேலாக்க கெடக்கறது இனிமே அவ்ளோதான். அடியில கெடக்கறது ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள பேயலன்னா எங்க வூட்டுல மறுபடி வெதைக்க ஒரு படி வெத கெடையாது. இருந்ததெல்லாம் இந்த மண்ணுலதான்."

எனக்குத் தலையில் யாரோ கொட்டின மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்தச் சொல்லிக் கேட்டது நான்தானே!

"நாங்க எங்க சாமிக்குப் போன வாரந்தான் பொங்க வெச்சு மழை கேட்டோம். நீங்க உங்க சாமிகிட்ட வேணாம்னு கேட்டுக்கினீங்க. வானம் ரெண்டா இருக்குது? ஒண்ணுதானே?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "உங்களுக்குக் கேட்டா குடுக்கறாரு இல்ல? இப்ப திருப்பிக் கேளுங்கக்கா. இங்கயே நின்னு கேளுங்க."

நான் கண்ணை மூடினேன். குரல் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. 'நிறுத்தும்' என்று கேட்கும்போது இருந்த தைரியம் 'அனுப்பும்' என்று கேட்கும்போது எங்கே போனது? நின்றால் என் முகாம் நடக்கும், நிற்காவிட்டால் வேனில் ஏறி வீட்டுக்குப் போவேன், அவ்வளவுதான் எனக்கு. இங்கே வராவிட்டால் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிடுகிறது போய்விடும். கேட்டு, வராமல் போனால் இந்த அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம். எனக்காகக் கேட்கும்போது ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. "ஆண்டவரே, தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சிடும். இவங்களுக்கு மழை தாரும்" என்று எனக்கே கேட்காத குரலில் முணுமுணுத்தேன். இத்தனை வருடத்தில் நான் பண்ணின ஜெபத்திலேயே சின்னது அதுதான்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த அம்மாவே என் முதுகைத் தட்டி, "பரவால்லக்கா. காதுல வுழுந்திருக்கும்" என்றார்.

முகாம் நன்றாக நடந்தது. எல்லோரையும் பார்த்து முடித்து, சாயங்காலம் வேனில் மலை இறங்கும்போது எங்கள் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த சாட்சி ஒரு வரி வாயில் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். "எல்லாரும் அந்த மலைக்கு மழை கேளுங்க, இந்த வாரத்துக்குள்ள வரணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன்க்கா, வியாழக்கிழமை உங்க பொண்ணுக்கு நிச்சயம் இல்ல? மலைக்கு வர்ற மழை ஒடுகத்தூர விட்டுட்டா போகும்?"

அட தேவனே! எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டு முன்னாலேயே தெருவில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவையாகச் சொந்தபந்தத்தோடு வருகிறார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரிக்கிறார். "அதுக்கு இன்னா இப்ப? வியாழக்கிழமை தாண்டி வரட்டும்னு ஒரு வார்த்தை சேர்த்துக் கேளேன். வெள்ளிக்கிழமை வந்தாலும் அந்தம்மா சொன்ன ஒரு வாரத்துக்குள்ளதானே?"

மறைக்காமல் சொல்கிறேன். ஞாயிறும் திங்களும் அப்படித்தான் கேட்டேன். 'மழை தாரும், ஆனால் வெள்ளிக்கிழமை தாரும்.' கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மனசு கேட்கவில்லை. முகாம் பதிவேட்டைப் புரட்டி அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னும் இல்லக்கா. வெயிலு காயுது. எறும்பு வேற தூக்கிட்டுப் போய்க்கினே இருக்குது. எங்க வூட்டுக்காரர் காலையில இருந்து வெதச்ச கொல்லியவே பார்த்துக்கினு குந்தியிருக்காரு, சோறு துன்னல."

போனை வைத்தேன். தைத்துக்கொண்டிருந்தது என் மகளுடைய நிச்சயதார்த்த ஜாக்கெட். அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். இரண்டாம் தடவையும் அதே தப்பைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? முகாமுக்கு ஒரு வானம், நிச்சயத்துக்கு ஒரு வானம் என்று எனக்குத் தோதாக மேகத்தை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் யாரோ உள்ளே வந்து பயந்து வெளியே போய்விட்டார். "ஆண்டவரே, எப்ப வேணுமோ அப்ப தாரும். பந்தல் போனால் போகட்டும்" என்றேன். சொல்லிவிட்டு ஜாக்கெட்டை மறுபடி மெஷினில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். போதகர் வேதத்தைத் திறந்தார். திறந்தாரோ இல்லையோ, இடி. அது தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. பந்தல் துணி வயிறு ஊதி, ஒரு பக்கம் சரிந்து, மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் ஒரு குடம் தண்ணீர். சாப்பாட்டு அண்டாவை எங்கள் வீட்டு ஹாலுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் சேறும் சகதியுமாக உள்ளே நெருக்கியடித்து நின்றார்கள். என் மகள் பட்டுப் புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே, "அம்மா, இது உன் வேலதானே?" என்று பல்லைக் கடித்தாள். சம்பந்தியம்மா என்ன நினைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. மலையிலிருந்து. எடுத்தால் ஒரே இரைச்சல். அந்த அம்மா கத்துகிறார்: "அக்கா, கேக்குதா? எங்க கூரை மேல, கேக்குதா?"

ஸ்பீக்கரில் போட்டேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தம் என் ஹால் முழுக்கக் கேட்டது. நான் அழுகையும் சிரிப்புமாகச் சம்பந்தியம்மாவிடம் கதையைச் சொன்னேன். அவர் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படின்னா நனைஞ்சது நல்லதுதான், விடுங்க" என்றார். மோதிரம் மாற்றியது அந்த இரைச்சலில்தான்.

என் ஜெபத்தால்தான் மழை வந்தது என்று இப்போது சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் பொங்கல் வைத்திருந்தார்கள், டிவியிலும் மழை என்று சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி கொடுக்கப் போனபோது சரிவில் முக்கால்வாசி முளைத்திருந்தது. மேட்டில் அங்கங்கே சொட்டையாக இருந்தது. அந்த இடங்கள் என்னுடையவை என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இப்ப ஒவ்வொரு பயிரும் தனித்தனியா தெரியுதுக்கா" என்று சிரித்தார்.

என் குரல் இன்னும் பெரிசுதான், அது மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் முழங்காலில் நின்றதும் உடனே கேட்டுவிடுவதில்லை. நான் கேட்கப்போவது கிடைத்துவிட்டால் எங்கே, யாருக்கு, என்ன இல்லாமல் போகும் என்று யோசித்தபடி ஒரு நிமிடம் சும்மா இருக்கிறேன். என் ஜெபத்திலேயே ஆண்டவர் பேசுகிறதுக்கு நான் விட்ட இடம் அந்த ஒரு நிமிடம்தான்.