சின்னம்மாவின் நாலாவது புறப்பாடு

சின்னம்மா என்றால் மற்றவர்களுக்குச் செம்மஞ்சள் உடையில் சிரிக்கும் அந்தப் படம் நினைவுக்கு வரும். எனக்கு வருவது வீடியோ அழைப்பில் அவர் விட்ட ஒரு கொட்டாவி. விண்வெளிக்குப் புறப்பட இருந்தவர், வாயைப் பொத்தக்கூட மறந்து, அவ்வளவு நீளமாகக் கொட்டாவி விட்டார்.

அம்மாவின் ஒரே தங்கை அவர், மோர்னிங்சைட்டில் வளர்ந்தவர். தொற்று வராமலிருக்கக் குழுவோடு ஏவுதளத்தில் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். வெகு தொலைவில், அஜக்ஸில் இருந்த எங்களுக்குத் தொலைபேசிதான். பயணம் மூன்று தடவை தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் கனத்த உடையை மாட்டி, கால்களை உயர்த்தி மல்லாந்து மணிக்கணக்காகக் கிடப்பார்கள். பிறகு கசிவு என்றோ காற்று என்றோ சொல்லி இறக்கிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அழுது, வழியனுப்புவார். அடுத்த நாள் சின்னம்மா அழைத்து, "அக்கா, என்ன சமையல்?" என்பார்.

நான் அப்போது பொறியியல் மாணவன். எங்கே கசிந்தது, வால்வை மாற்றினார்களா என்று அடுக்கிக்கொண்டே போவேன்.

"எங்கட கொமாண்டர் பரவாயில்லையடா. கேள்விக்கிடையில மூச்சாவது விடுறார்," என்பார் சின்னம்மா.

நாலாவது தடவைக்கு முதல்நாள் மாலைதான் அந்தக் கொட்டாவி. அம்மா தொலைபேசியை என்னிடமிருந்து பறித்தார்.

"உந்தக் கண்ணைப் பார். ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வாடி."

"நான் இறங்கினா இன்னொருத்தி ஏறுவாள். அவளுக்கும் ஒரு அக்கா இருப்பாதானே?"

அம்மா வாங்கி வைத்திருந்த தேங்காயைக் கையில் எடுத்தார். "அப்ப கோயிலுக்குப் போட்டு வாறன்."

"வேண்டாமக்கா. நாளைக்கும் தள்ளித்தான் வைப்பினம். அந்தத் தேங்காயைச் சம்பலுக்குத் துருவு."

எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. அம்மா துருவினார். இரவு பாணோடு சாப்பிட்டோம். சம்பல் நன்றாகவே இருந்தது. காலையில் அம்மா வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். நான் ரயிலில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தேன். நிறுத்தவில்லை. கலம் மேலே ஏறியது. நான் கத்தினேன், பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்குமுன் கலம் வெடித்து, திரையில் புகை மட்டும்தான் இருந்தது.

இப்போதும் எந்த ஏவுதலையும் நான் தவறவிடுவதில்லை. விட முடியவில்லை. அம்மா பார்க்கமாட்டார், சமையலறையில் நின்றபடியே, "என்னவாம்?" என்று கேட்பார்.

போன கிழமையும் கேட்டார். தள்ளி வைத்துவிட்டார்கள் என்றேன்.

"நல்லது. அதுகள் இண்டைக்காவது படுத்து நித்திரை கொள்ளட்டும்."