மூன்றாவது "கடைசியாக"

எங்கள் சபையில் ஒருவர் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டார் என்பதை அவருடைய வேத அறிவை வைத்து நாங்கள் அளப்பதில்லை. அவர் அலமாரியில் எத்தனை டி-ஷர்ட் இருக்கிறது என்று பார்ப்போம். ஆண்டுக்கொரு முறை கோயிலைக் கழுவித் துடைக்கும் சனிக்கிழமைக்காக ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே கேலி செய்து ஒரு வரி எழுதி, அச்சடித்துப் போட்டுக்கொண்டு வரும். வாசலில் நின்று வரவேற்பவர்களின் முதுகில், "முன்வரிசை இன்றும் காலி." பாடகர் குழுவில் தாழ்ந்த குரல்காரிகளான எங்களுடையது, "பாடினால் தெரியாது, நிறுத்தினால் தெரியும்." ஞாயிறுப் பள்ளி ஆசிரியைகள், "பசை தீர்ந்தது, பொறுமையும்" என்று போட்டுக்கொண்டார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். கேலி யாரைப் பற்றியதோ அவர்தான் அதை முதலில் அணிய வேண்டும். அவர் மறுத்தால் மற்றவர்கள் தொடக்கூடாது.

இந்த ஆட்டத்தில் சேராத ஒரே மனிதர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். தரைத்தளத்தில் நின்று இரும்புக் கதவில் காதை வைத்தால் போதும், ஏழாம் மாடியில் எந்த உருளை வறண்டுபோயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒன்பதாம் மாடியில் எந்த வீட்டில் சண்டை என்பதும் அவருக்குக் கேட்கும் என்று நான் சேர்த்துச் சொல்வேன். அவர் மறுத்ததில்லை, எதையுமே மறுத்துப் பேசுகிற அளவுக்கு அவர் வாயைத் திறந்ததில்லை.

மனைவி நேர் எதிர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறுப் பள்ளியில் கதை சொல்லித் தொண்டையைத் தீட்டியவர். சபை முழுக்க அவருக்கு டீச்சர் என்றே பெயர். பக்கவாதம் வந்து டீச்சர் கட்டிலோடு முடங்கி நான்கு ஆண்டாகிறது. அதுவரை மனைவியை வாசலில் இறக்கிவிட்டு வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார். ஒலிபெருக்கி மேசையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பின்சுவரோரம் பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்தார். குழுவும் இல்லை, டி-ஷர்ட்டும் இல்லை. ஆராதனை முழுக்கக் கைப்பேசியை அங்கிருந்த சின்ன ஸ்பீக்கரின் வாயில் வைத்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்து, விளையாட்டுச் செய்தி கேட்கிறார் என்று எங்கள் வரிசை முடிவுகட்டியது.

மறுமுனையில் இருந்தது டீச்சர். தலையணை மேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசி ஆமென் வரைக்கும் அவரும் ஆராதனையில் இருந்தார். இது அவர்கள் இரண்டு பேருக்கும், கூட இருந்து சமைத்துப்போடும் டீச்சரின் தங்கைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அந்த ஞாயிறன்று யாரோ வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட்காரர் மேசை மைக்கில் வண்டி எண்ணைச் சொல்லி எடுக்கச் சொன்னார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். நல்லவர், படித்தவர், ஆனால் நிறுத்தத் தெரியாதவர். "கடைசியாக" என்று இரண்டாம் முறை சொல்லி அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், கோயிலின் எட்டு ஸ்பீக்கரிலும் லிஃப்ட்காரரின் குரல் கேட்டது.

"இன்னும் முடியலம்மா. கடைசியான்னு ரெண்டு தடவதான் சொல்லியிருக்கார். மூணாவது சொல்லட்டும், அப்புறம் அடுப்பப் பத்த வைக்கச் சொல்லு."

அன்று எழுந்த சிரிப்பில் கூரையிலிருந்த மூன்று புறாக்கள் பக்கத்துச் சபைக்கு மாறிவிட்டன என்று நான் சொல்வதுண்டு. இரண்டுதான் என்று திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். போதகர் சிவந்துபோய்ச் சட்டென்று ஆமென் சொன்னார். நாங்கள் கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றபோது மேசைமேல் ஒலிபெருக்கிப் பெட்டியின் சாவி இருந்தது, மனிதர் இல்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. மனைவிக்கு அவரே வேதத்திலிருந்து சங்கீதம் வாசித்தாராம், லிஃப்ட் பரிசோதனை அறிக்கையை வாசிக்கிற அதே குரலில்.

"ஒரு இருமல் இல்ல, சாவிக்கொத்து விழற சத்தம் இல்ல. எனக்குக் கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரியே இல்லங்க" என்றிருக்கிறார் டீச்சர்.

"நான் வேணா இருமறேன்."

"உங்களுக்கு வராது. நீங்க மேசைக்குப் போங்க."

"பாஸ்டர் மூஞ்சில எப்படிம்மா முழிக்கறது? எட்டு ஸ்பீக்கர்லயும் கேட்டுச்சு."

டீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் குழாயைப் பழுதுபார்க்கப் போய்விட்டார். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஞாயிறும் கழிந்த புதன்கிழமை போதகர் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார். டீச்சரைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லி நானும் தொற்றிக்கொண்டேன். காரணம் உண்மைதான், பாதி.

லிஃப்ட்காரர் கதவைத் திறந்து, போதகரின் மார்பைப் பார்த்தபடி நின்றுவிட்டார். கறுப்பு டி-ஷர்ட், வெள்ளை எழுத்தில் "கடைசியாக". போதகர் திரும்பி முதுகைக் காட்டினார். அங்கே, "இது மூன்றாவது."

"சட்டப்படி நான்தான் முதல்ல போடணும் அண்ணே. போட்டுட்டேன். இது உங்களுக்கு" என்று மடித்த இன்னொரு டி-ஷர்ட்டை நீட்டினார்.

லிஃப்ட்காரர் கையை நீட்டவில்லை. "தப்பாப் பேசிட்டேன் பாஸ்டர்."

"எதுண்ணே தப்பு? கணக்கு சரியாத்தானே இருந்துச்சு."

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. "அன்னைக்காவது நேரத்துக்கு முடிச்சீங்க பாஸ்டர். போன மாசம் அந்தக் கப்பல் கதைல, மூணாவது கடைசியாவுக்கு அப்புறம் பதினோரு நிமிஷம் ஓடுச்சு."

போதகர் கட்டிலருகே போனார். "உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

டீச்சர் இடக்கையால் தலையணையோரம் கிடந்த கைப்பேசியைத் தொட்டுக் காட்டினார். "நாலு வருஷமா அங்கதான் இருக்கேன். இந்த மூணு வாரமாத்தான் லீவு."

போதகர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விளையாட்டுச் செய்தி என்று முடிவுகட்டிய நான் ஜன்னல் கம்பிகளை எண்ணத் தொடங்கினேன். டீச்சர் அதற்குள் இடக்கையை நீட்டியிருந்தார்.

"அந்தச் சட்டைய இங்க குடுங்க."

"அது அண்ணனுக்கு டீச்சர்."

"அடுப்பு யாருதாம்? என் அடுப்பு, என் சட்டை."

லிஃப்ட்காரர் அதை வாங்கி விரித்தார். நைட்டிக்கு மேலேயே தலைவழியாக மெல்ல இறக்கினார். தூக்க வராத வலக்கையை முழங்கையில் தாங்கி, அவசரமே இல்லாமல், கைப்பகுதிக்குள் கொண்டுவந்தார். அளவு பெரியது, டீச்சர் அதற்குள் பாதிதான் இருந்தார். கழுத்துப் பட்டையை நேராக்கியபடி அவர் குனிந்திருந்தபோது டீச்சர் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க?"

அவர் போதகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனைவியின் தோளிலிருந்த சுருக்கத்தை நீவிவிட்டார்.

"எட்டரைக்கு."

"எட்டுக்கே போங்க. பாடகர் குழு பழகறதும் எனக்குக் கேக்கணும்."