உல்போசின் கை பட்ட பொத்தான்கள்

ஷிம்கெந்த் நகரத்து ஜூலை வெயிலில் காரை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து கதவைப் பிடித்தவர் யாரும் வாய் திறந்து திட்டாமல் இருந்ததில்லை. சாதாரணக் கார் என்றால் கை சுடும், அவ்வளவுதான். விலை உயர்ந்த கார் என்றால் சூட்டோடு பிசுக்கும் வரும். எந்தக் கம்பெனி என்று பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்? தொட்டால் மெத்தென்று இருக்கட்டும் என்று ஐரோப்பாவில் எவனோ ஒரு மகராசன் பொத்தான், கைப்பிடி எல்லாவற்றுக்கும் ரப்பர் மாதிரி ஒரு பூச்சைப் பூசி அனுப்பிவிட்டான். அவன் ஊர்க் குளிருக்கு அது சரி. நம் ஊரில் பத்துக் கோடை பார்த்தால் அது மென்று துப்பிய பபிள்கம் ஆகிவிடும். கையில் கறுப்பாக ஒட்டும். சோப்புக்கும் போகாது.

உல்போசின் இந்தப் பிசுக்கை எடுக்கிற வேலைக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். அதற்கு முன் பதினோரு வருஷம் அவள் மேல்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நிலவறைக் கடையில் பெண்களுக்கு நகம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பகட்டான ஒருத்தி நகம் தீட்டிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் புயல் மாதிரி திரும்பி வந்தாள். பத்து விரலும் கறுப்பு.

"என்ன எழவு சாயத்தடி பூசின? பாரு என் கைய!"

உல்போசினுக்குச் சுருக்கென்றது. செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிற ஜாதி இல்லை அவள். "என் சாயம் ரோஸ் கலரு. உங்க கையில இருக்கறது கறுப்பு. எதத் தொட்டீங்க, காட்டுங்க" என்று அவளோடு தெருவுக்கு ஏறிப்போனாள். கார்க் கதவின் உள்கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அங்கேயே குனிந்து, நகம் துடைக்கிற ஸ்பிரிட்டும் மரக்குச்சியும் கொண்டு அந்தக் கைப்பிடியை வழித்துச் சுத்தம் செய்து காட்டினாள். திட்ட வந்தவள், "மத்த மூணு கதவு?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று ஒரு நகமும் தீட்டாமல் ஏழு மணிவரை அந்தக் காருக்குள்தான் இருந்தாள் உல்போசின். மனுஷ நகத்தைவிட இது பேசாமல் இருக்கிறதே என்று அவளுக்குப் பிடித்துப்போனது.

அடுத்த வருஷம் ஆலிம்குலின் பட்டறை வளாகத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை மூலையில் மேசை போட்டாள். வளாகத்தில் மற்ற பதினாலு பேரும் ஆண்கள். இஞ்சின், கியர், பெயின்ட் என்று பெரிய பெரிய வேலைக்காரர்கள்.

"வண்டிக்கு நகம் வெட்ட ஆள் வந்திருக்குடோய்!" என்றான் ஒருவன்.

"டயருக்கும் மருதாணி போடுவியா தங்கச்சி?" என்றான் இன்னொருவன்.

"உன் வாய்க்குப் பூட்டுப் போடுவேன், வா" என்றாள் அவள்.

வாய்க்கு வாய் கொடுக்க அவளுக்குத் தெரியும். தூசிக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய பூச்சை வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கறுப்புப் பூசி வைத்தால், அது காய்வதற்குள் வளாகத்துத் தூசியெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். பத்தில் நாலைத் திரும்பச் செய்யவேண்டும். கதவு வைத்த அறை வளாகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, வாசலை ஒட்டி. அதில் ஆலிம்குல் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார். கேட்டுக் கேட்டு அவள் வாய் வலித்தது. போதாக்குறைக்கு அந்த ஜூலையில், கொட்டகை மூலையிலும் கார் கழுவும் இயந்திரம் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டார் மனுஷன். அறை கிடைக்காவிட்டால் போகிறது, இருக்கிற மூலையும் போனால் திரும்ப நிலவறைக்குத்தான் இறங்கவேண்டும்.

அந்த நேரத்தில்தான் தோலெபாயின் வண்டி வந்தது. தோலெபாய் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். பயந்த சுபாவம், எப்போதும் வியர்வை. அவருடைய வெள்ளைக் கார் நகரத்திலேயே நீளமானது. போன வாரம் அதிலிருந்து இறங்கிய மணப்பெண்ணின் வெள்ளைக் கையுறை இரண்டும் கறுப்பாகியிருந்தன. அவ்வளவுதான், ஊரெல்லாம் பேச்சு. அபசகுன வண்டி என்று இரண்டு கல்யாணக்காரர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது சனிக்கிழமைக் கல்யாணம் ஒன்று. மாப்பிள்ளையின் தாயார் ராபிகா மட்டும் சொன்ன சொல் மாறவில்லை.

ஆலிம்குல் தானே களத்தில் இறங்கினார். "இதுக்கெல்லாம் ஒரு பொம்பளையா? தின்னர் ஊத்தித் துடைச்சா முடிஞ்சுது" என்றார். துடைத்தார். பிசுக்கு போனது. கூடவே பொத்தான்களில் இருந்த படங்களும் போயின. எந்தப் பொத்தான் எந்தக் கண்ணாடி, எது விளக்கு, எது காற்று, ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் மொட்டை. ஒன்றை அமுக்கினார், பின்பக்க டிக்கி திறந்தது. இன்னொன்றை அமுக்கினார், இருக்கை அவரை அலேக்காகத் தூக்கிக் கூரையில் முட்ட வைத்தது. வளாகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

தோலெபாய் அழாத குறை. "அண்ணே, சனிக்கிழமை கல்யாணம்ணே..."

"நான் செய்யறேன்" என்றாள் உல்போசின்.

அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். ஆலிம்குல் கையில் ரொட்டி இருந்தது. அவமானத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. ரொட்டியை அப்படியே உயர்த்திப் பிடித்தார். "இந்த ரொட்டி சாட்சி. சனிக்கிழமை பொண்ணு கையுறை வெள்ளையா இறங்குச்சுன்னா, வாசல் ரூம் உனக்கு. கறுப்பா இறங்குச்சுன்னா, அன்னிக்கே மேசையத் தூக்கிட்டுக் கிளம்பிடணும்."

ரொட்டியைப் பிடித்துச் சொன்ன சொல்லை மீறிய ஆள் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பதினாலு பேரும் கேட்டார்கள். அவளும் எட்டி அதே ரொட்டியைத் தொட்டாள்.

செவ்வாய் மதியம் தொடங்கினாள். மொத்தம் அறுபத்து மூன்று துண்டுகள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி, எங்கிருந்து எடுத்தது என்று பென்சிலால் எழுதிய முட்டை அட்டைகளில் வைத்தாள். ஆலிம்குலின் தின்னர் பட்டு மேடு பள்ளமான பொத்தான்களை நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினாள். மிச்சமிருந்த பிசுக்கை ஸ்பிரிட்டில் ஊற வைத்து மரக்குச்சியால் வழித்தாள். அவசரப்பட்டு இரும்பால் சுரண்டவில்லை. கறுப்புப் பூசினாள். காய்ந்ததும் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு படத்தையும் கறுப்பில் கீறி எடுத்தாள். அடியில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் தெரிந்தால்தான் இரவில் பொத்தான் ஒளிரும். சுண்டுவிரல் நகத்தில் ஆப்பிள் பூ வரைந்த கைக்கு ஒரு ஜன்னல் படம் கீற வராதா என்ன! தூசிக்கு, வீட்டுப் படுக்கை விரிப்புகளை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டாள். அவை காயக் காயத் தண்ணீர் தெளித்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அறுபத்து இரண்டும் வண்டியில் ஏறிவிட்டன. பின்கதவுக் கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. மணப்பெண் பிடித்து இறங்குகிற அதே கைப்பிடி. அதைக் கழற்ற வழியில்லாமல் வண்டியிலேயே வைத்துப் பூசியிருந்தாள். காய விடியும்வரை ஆகும்.

அந்த நேரம் பார்த்து ராபிகா வந்தார். ரொட்டி ஆலையில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவர். நடையிலேயே அதிகாரம் தெரியும். கையில் நீளக்காம்பு இரும்புக் கரண்டி, அதில் கங்கு, கங்கின்மேல் அதிராஸ்பான் செடி புகைந்துகொண்டிருந்தது.

"வண்டிய ஊரே கண்ணு வச்சிருக்கு. உள்ள நல்லாப் புகை காட்டி விட்டுட்டுப் போறேன். கதவத் திற, பொண்ணே" என்றார்.

ஆண்கள் எல்லாம் மரியாதையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். உல்போசின் ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"வேணாம்மா!"

வளாகமே திகைத்தது. ஒரு தாய் கண்ணேறு கழிக்க வந்த புகையைத் தடுப்பதா? ஆலிம்குல் பல்லைக் கடித்தார். "ஏய், புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நகரு!"

"உள்ள ஈரமா இருக்கும்மா. கண்ணு வெளியில இருந்துதானே வரும்? கதவ மூடிடறேன், வெளியில சுத்துங்க."

"வெளியில இருந்து வர்றது மட்டுந்தான் கண்ணா? இதுக்கு முன்னாடி உள்ள உக்காந்து போனவளுங்க கண்ணு எங்க போகும்?" என்றார் ராபிகா. லேசில் விடுகிற ஆள் இல்லை.

உல்போசின் மேசைக்குப் போய் ஒரு கந்தலைக் கொண்டுவந்தாள். நாலு நாளாகப் பொத்தான்களை வழித்துத் துடைத்த கந்தல். "இத முகர்ந்து பாருங்க."

ராபிகா முகர்ந்தார். புருவம் சுருங்கியது. "அதிராஸ்பான் வாடை."

"ஆமாம்மா. பூச்சு உருகிப் பசையா நின்னுச்சு. தோலெபாய் அண்ணன் வண்டில ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உள்ளதான் புகை காட்டினாங்க. அந்தக் கரியெல்லாம் பசையில ஒட்டிக்கிச்சு. பிசுக்கு பாதி, கரி பாதி. அதுதான் அந்தப் பொண்ணு கையுறையில வந்துச்சு. சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பவும் ஈரத்துல புகை பட்டா நாளைக்கு உங்க மருமக கையிலயும் அதேதான் வரும்."

தோலெபாய் வியர்வையைத் துடைக்கவும் மறந்து நின்றார். ராபிகா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ உள்ள புகை காட்டல. ஆனா நாளைக்குக் கறுத்துச்சுன்னா என் புகையச் சொல்ல முடியாது. உன் கையத்தான் சொல்லுவேன், முந்நூறு பேர் முன்னால."

"சொல்லுங்கம்மா. என் கைதான்."

ராபிகா மூடிய வண்டியை மூன்று தரம் சுற்றிப் புகை காட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, "நீட்டு" என்றார். உல்போசின் கறுப்புப் படிந்த இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகளுக்கும் கீழே கரண்டியைக் காட்டிப் புகையவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை நிழலிலேயே நாற்பத்திரண்டு டிகிரி. விருந்து மண்டப வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக உல்போசின் நின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை அவளுக்கு. ஆலிம்குலும் வந்திருந்தார். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. உள்ளே, வெள்ளைக் கையுறை போட்ட கை அந்தக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது. பெருத்த பாவாடையோடு இறங்கவேண்டுமே, மொத்தக் கனத்தையும் அதில்தான் கொடுத்தாள் பெண். உல்போசின் கண்ணை மூடிக்கொண்டாள்.

மணமக்கள்மேல் வாழ்த்தாக மிட்டாய் வீசத் தயாராக இருந்த பெண்களைக் கையமர்த்திவிட்டு ராபிகா முன்னால் வந்தார். மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்தார். உள்ளங்கைகளைத் திருப்பினார். குனிந்து விரல் விரலாகப் பார்த்தார்.

பிறகு அந்த இரண்டு கைகளையும் கூட்டம் பார்க்கும்படி தலைக்குமேலே தூக்கிப் பிடித்தார். பால் வெள்ளை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

மிட்டாய் மழையாகக் கொட்டியது. பிள்ளைகள் காலுக்கடியில் புகுந்து பொறுக்கின. அந்தச் சத்தத்துக்கும் மேலே ராபிகாவின் குரல் கேட்டது. "எங்க அந்த நகக்காரி? ஒளிஞ்சுக்காத, வெளிய வா!"

அவளைத் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். சம்பந்திக்கு என்று தங்க இழையில் பின்னி வைத்திருந்த மேலங்கி ஒன்றை எடுத்து, ராபிகா அவள் தோளில் போட்டார். பெரிய மனிதர்களுக்குப் போடுகிற அங்கி. ஆறடி ஆணுக்குத் தைத்தது, அவளுக்குத் தரையில் புரண்டது. "சம்பந்திக்கு வேற எடுத்துக்கலாம்" என்றார் ராபிகா, சம்பந்தியின் காதுபடவே. உல்போசின் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

திங்கட்கிழமை அவள் வளாகத்துக்கு வந்தபோது மணி எட்டு. வாசல் அறை திறந்து கிடந்தது. ஆலிம்குல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டயர்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டிக்கொண்டிருந்தார். பையன்களை விட்டுச் செய்திருக்கலாம். ரொட்டியைப் பிடித்தது அவர் கை, அதனால் அவரேதான் உருட்டினார்.

வெளியே அதற்குள் ஐந்து கார்கள் நின்றிருந்தன. முந்நூறு பேர் பார்த்த கல்யாணமாயிற்றே. அவள் மேசையை அறைக்குள் இழுத்துப் போட்டு, விளக்கை மாட்டி, கதவை ஒரு தடவை சாத்திப் பார்த்தாள். நன்றாகச் சாத்தியது. இன்னொரு தடவையும் சாத்திப் பார்த்தாள்.

கதவைத் தட்டினார் ஆலிம்குல். கடைசி டயர் போயாகிவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி... என் வண்டிலயும் கண்ணாடி ஏத்தற பட்டன் ரெண்டு வருஷமா ஒட்டுது. யாருகிட்டயும் சொல்லல."

உல்போசின் தலையை வெளியே நீட்டி ஐந்து கார்களையும் ஒரு முறை எண்ணினாள்.

"ஆறாவது நீங்கதாண்ணே. வண்டியக் கொண்டாந்து வரிசைல விடுங்க."

ஆலிம்குல் போய் வண்டியை எடுத்து வந்து, தன் சொந்த வளாகத்து வாசலில், ஐந்து கார்களுக்குப் பின்னால் நிறுத்தினார்.